கடைசிப் பயணத்துக்கு அனுமதி

ஆறு வருஷமாக ருக்மணி ஆணி ஆணியாகச் சரிசெய்த பழைய போர்விமானம், பல்லடத்துக் கொட்டகையிலிருந்து அன்று கடைசியாகப் பறக்கவிருந்தது. அதை வாங்கிய அருங்காட்சியகம் சென்னையில் அது இறங்கியதும் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கூரையில் தொங்கவிடப்போகிறது. தொங்குவதற்கா இத்தனை பாடு என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

விமானி நவ்ஷாத் ஏறி உட்கார்ந்து வாரைப் பூட்டினான். வான்வழி அனுமதி தருவது இப்போதெல்லாம் விமானி இருக்கைக்கு முன்னால் பொருத்திய பேசும் எந்திரம்தான். விமானி வாயால் சொல்வதே பயணத்திட்டம். அதை மாற்றவோ மீறவோ யாராலும் முடியாது.

"பாத்துப்பா, இடது பிரேக் கொஞ்சம் கோவக்காரி" என்றாள் ருக்மணி.

"உங்க கையில வளந்ததாச்சே, வேறெப்படி இருக்கும்!" என்று சிரித்தவன், கண்ணாடி மூடியை இழுத்தபடி வழக்கம்போலச் சொன்னான்: "சரிங்க்கா, போயிட்டு வர்றேன்."

எந்திரம் உடனே பேசியது. "போய்வரும் பயணம் பதிவானது. நாளை மாலைக்குள் இதே விமானம் பல்லடம் திரும்ப வேண்டும்."

நவ்ஷாத் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயையோ! போறேன்னு சொல்லியிருக்கணுமோ?"

"கிளம்புறப்ப எவனாவது போறேன்னு சொல்லுவானா?" ருக்மணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையைத் தானே இழுத்துப் போட்டுவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"நாளைக்குச் சென்னையில கிளம்புறப்பவும் மறக்காம மியூசியக்காரங்ககிட்ட 'போயிட்டு வர்றேன்'னே சொல்லிட்டு வா, தம்பி."