நிழல் விழாத இடம்

உணரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் வெயிலில் இறங்கினாள்.

தீப்பெட்டியில் பாதிகூட இராது. அதற்குள் ஒரு மெல்லிய வளையம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். பெட்டி திரும்பினால் அதிர்வு ஒரு பக்கமாக விலகும். அந்த விலகலை வைத்துத்தான் ட்ரோன் தான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளும்.

திரும்பாமல் இருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஏசி அறையில் சமர்த்தாகக் காட்டியது. நேற்று மொட்டை மாடியில் வைத்தபோது காட்டவில்லை.

"பருத்திக் காட்டுல ஏசி கிடையாதே சார்."

காலையில் அவள் கேட்டதற்கு மேலாளர் குணசீலன் சிரித்தார். "சோதனைத் தாள்ல அறை வெப்பநிலைன்னுதானம்மா போட்டிருக்கு. வெள்ளிக்கிழமையோட உனக்கு ஆறு மாசம் முடியுது. வேலை நிரந்தரமாகணுமா, வேண்டாமா? கையெழுத்தப் போடு."

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். உச்சி வெயிலில், இல்லாத சுழற்சியை இருப்பதாக ட்ரோன் நம்பும். அதைச் சரிசெய்கிறேன் என்று தறிகெட்டுச் சுற்றி யார் தலையிலாவது இறங்கும்.

முற்றத்தில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் நான்கு நின்றன. வாங்க வந்த விவசாயிகள் குழு அவற்றுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டுக்கொண்டிருந்தது. குழுவின் தலைவி பேச்சித்தாய் எலுமிச்சம்பழங்களை எண்ணி வைத்தார்.

அவள் சிமெண்டு மேடையில் உணரியை வைத்தாள். மடிக்கணினியோடு வயரைச் செருகினாள். கையை எடுத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. உங்க ட்ரோனுக்குள்ள இருக்கறதும் இதுதான். யாரும் தொட்டுராதீங்க. இந்த நம்பர மட்டும் பாருங்க."

பூஜ்யம்.

வெயில் தன் வேலையைப் பார்த்தது.

ஒன்று. இரண்டு.

"சும்மா கிடக்குறது சுத்துதுன்னுல்லா சொல்லுது?" பேச்சித்தாய் குனிந்தார்.

"ஆமாக்கா."

குணசீலன் அரக்கப் பரக்க ஓடிவந்தார். மேடையருகே வந்து, வெயிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அவருடைய நிழல் உணரியின்மேல் விழுந்தது.

எண் ஏறுவது நின்றது.

மனிதர் கெட்டிக்காரர்தான்.

அவள் உணரியை ஒரு சாண் நகர்த்தினாள். எண் ஒருமுறை துள்ளி அடங்கியது. பிறகு ஏறியது.

அவரும் ஒரு சாண் நகர்ந்தார்.

அவள் மறுபடி நகர்த்தினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நகர்த்தினாள். பயம் இருந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் மறுபடி காலெடுத்து வைத்தார்.

"ஐயா," என்றார் பேச்சித்தாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.

மூன்று. மூன்றரை.

பேச்சித்தாய் நிமிர்ந்தார். முதல் ட்ரோனின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டாவதை நோக்கி நடந்தார்.

அவள் சோதனைத் தாளை மேடையில் விரித்தாள். 'அறை' என்ற சொல்லை அடித்தாள். மேலே 'வெயில்' என்று எழுதினாள். கட்டத்தில் மூன்றரை.

கையெழுத்துத்தானே கேட்டார்.

முதலெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதினாள்.