சாரம்மாளின் பட்டு

கிழியேன். நீயும் கிழிந்து தொலையேன்.

பாக்கியவதி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வேப்பங்கிளையில் தொங்கிய அரக்குநிறப் பட்டுத்துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துண்டின் கீழ்நுனியில் ஒரு மண்ணெண்ணெய் டின் கட்டியிருந்தது. அவளுடைய கணவர் கிருபைராஜ் ஆற்றுமணலைச் சிரட்டையால் அள்ளி அள்ளி அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

மதராஸில் ஒரு வெள்ளைக்காரர் ஆகாயத்தில் பறந்து காட்டினார் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அவர் இப்படித்தான் இருக்கிறார். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். யந்திரம் வாங்க வழியில்லை, இறக்கை கட்டலாமே என்றார். பாபநாசத்து மூங்கிலைப் பிளந்து, தச்சர் காசிலிங்கம் சட்டம் செய்து முடித்துவிட்டார். அதன்மேல் போர்த்தத் துணி வேண்டும். போர்த்தியதும் நாங்குநேரிப் பக்கம் ஒரு பாறைமேட்டுக்கு எடுத்துப்போய், ஆனிக் காற்று ஓய்வதற்குள், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குதிக்கப் போகிறார்.

முதலில் காடாத்துணியைக் கட்டிப் பார்த்தார். டின் நிறைவதற்குள் தொய்ந்து, பிசிறிட்டு, அறுந்தது.

அடுத்தது பாக்கியவதியின் கூறைச்சேலை. இரண்டாங்கலியாணத்துக்கு இது போதும் என்று எடுத்த நூல்சேலை. கேட்டார், கொடுத்தாள். பேசிக்கொண்டே ஒரு துண்டு நறுக்கினார். பாதி டின்னுக்குக்கூட அது நிற்கவில்லை.

"நூல்தானே. கிழியத்தான் செய்யும்" என்றார், அவளைத் தேற்றுவதுபோல.

இப்போது தொங்குவது சாரம்மாளின் கூறைப்பட்டு.

சாரம்மாள் அவருடைய முதல் மனைவி. காய்ச்சலில் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். முந்தாநாள் அந்தச் சேலையில் கத்தரியை வைத்தபோது அவர் கை நின்றதைப் பாக்கியவதி பார்த்தாள். அவர் சேலையைப் பிரிக்கக்கூட இல்லை. மடித்தது மடித்தபடி இருக்க, வெளியே தெரிந்த முந்தியோரத்தில் மட்டும், குழந்தைக்கு நகம் வெட்டுகிறவரைப்போல, ஒரு துண்டு எடுத்துவிட்டுச் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

டின் நிறைந்தது. மேலும் குவித்தார். பட்டு கொஞ்சம் நீண்டது. அதற்குமேல் அசையவில்லை.

காசிலிங்கம் கைமண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "வாத்தியாரய்யா, துணி தாங்கிரும். நீங்க தாங்குவீயளாங்கதுதான் தெரியல."

கிருபைராஜும் சிரித்தார். டின்னை அவிழ்த்து இறக்கிவிட்டுத் துண்டை விரலால் நீவினார். "பாத்தியா பாக்கியம், இழுத்தா கொடுக்குது, விட்டா பழையபடி ஆயிருது. கனமே இல்ல."

அந்த முகத்தை அவள் இந்த வீட்டுக்கு வந்தபிறகு பார்த்ததில்லை.

செத்த பிறகும் ஒருத்தி அவரைச் சுமந்துகொண்டு ஆகாயத்தில் போகப்போகிறாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும்.

"பெட்டிச் சாவியக் கொடு" என்றார். உடனே மாற்றிக்கொண்டார். "இல்ல, நீயே எடுத்துப் பிரிச்சிரு. எனக்குக் கை நடுங்கும். சட்டத்துக்கு அளவா நீயே தச்சும் கொடுத்திரு. ஒன் தையலு விடாது." அவர் குரல் கனிந்திருந்தது. "அவ பட்டு, ஒன் தையலு. வேற என்ன வேணும் எனக்கு?"

பாக்கியவதி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நேற்று அவர் பள்ளிக்கூடம் போனபிறகு அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். எதற்கென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் திறந்தாள்.

பட்டை வருஷத்துக்கு ஒருமுறையாவது உதறி, மடிப்பை மாற்றி வைக்கவேண்டும். பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இந்தச் சேலையை மட்டும் அவர் யாரையும் தொடவிட்டதில்லை. கடைசியாக அதை மடித்து வைத்தவள் சாரம்மாள். அவள் கை மடித்த மடிப்பு கலையக்கூடாது.

ஒரு மடிப்பின்மேல் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துப் பாக்கியவதி இழுத்தாள். பலங்கொண்டமட்டும் இழுக்கத்தான் நினைத்திருந்தாள். அதற்குள் அது விட்டுவிட்டது. பட்டு கிழிகிற சத்தம்கூட வரவில்லை. சருகு உடைவதைப்போல இருந்தது. பயந்துபோய் அடுத்த மடிப்பில் சும்மா விரலை ஓட்டினாள். அதுவும் பிளந்தது.

உள்ளே மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது. முந்தியோரம் மட்டும் புதிதாக இருந்தது. அவர் சோதித்தது அந்த ஓரத்தை. மேட்டிலிருந்து குதித்ததும் காற்று அந்த மடிப்புகளைத்தான் தேடிப் பிடிக்கும்.

சொல்லிவிடலாம். சொன்னால், பெட்டியை எதற்குத் திறந்தாய் என்று கேட்பார். கிழிசலைப் பார்ப்பார். தானாக இற்றதா, நீ கிழித்தாயா என்பார். அதற்கு அவளிடம் நேரான பதில் இல்லை. அவர் நம்பாமல், ஒட்டுப்போட்டாவது தைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனாலும் போவார்.

சேலை வெளியே வராவிட்டால் இந்த ஆனிக்கு இறக்கை இல்லை. பட்டு விலைக்கு வாங்க வாத்தியார் சம்பளம் இடம்கொடுக்காது.

"என்ன பாக்கியம், சாவி இடுப்பில இல்லியா?"

"இருக்கு."

"பொறவென்ன?"

"தரமாட்டேன்."

காசிலிங்கம் மூங்கில் சட்டத்தின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே இறுகியிருந்த கட்டு ஒன்றை மறுபடி இறுக்கத் தொடங்கினார்.

கிருபைராஜ் கையிலிருந்த பட்டுத்துண்டை மெல்ல மடித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"செத்தவ மேலயா பொறாம?" என்றார், மிகவும் தணிந்த குரலில்.

"ஆமா" என்றாள் பாக்கியவதி.

சாவிக்கொத்தைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, உலை வைக்க உள்ளே போனாள்.