நிற்காத காய்

"இஸ்திரிப் பெட்டியை வெச்சே என் குடியைக் கெடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார் பஸ் டிரைவர். சட்டை, துணி எதுவும் பொசுங்கவில்லை. பொசுங்கியது செம்பருத்தி மகரந்தம்.

டிரைவர் தோட்டத்தில் வெள்ளைச் செம்பருத்தி. நாலு வீடு தள்ளியிருக்கும் தையல்காரர் தோட்டத்தில் கருஞ்சிவப்பு. இரண்டையும் கலந்து, வெள்ளை இதழும் நடுவில் கருஞ்சிவப்பும் கொண்ட ஒரு புதுப் பூவைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இருவருக்கும் வெறி. யார் வீட்டில் முதலில் பூக்கிறதோ, அவர் வைப்பதுதான் பெயர் என்று பேச்சு.

அதற்காக மகரந்தப் பொட்டலம் மாற்றிக்கொள்வார்கள். அவருடையதை இவர் தன் பூவில் தடவுவார், இவருடையதை அவர். காய் நின்று விதை கிடைத்தால்தான் புதுச் செடி, புதுப் பூ. டிரைவர் வீட்டில் இன்றுவரை ஒரு காய்கூட நின்றதில்லை. "எனக்கும் நிக்கலைப்பா, நம்ம ராசி அப்படி" என்பார் தையல்காரர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பாவி மனுஷன், அவருக்கு டிரைவர் ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார்.

இன்று தைத்த துணியை வாங்கப் போன டிரைவரின் மனைவியிடம், தையல்காரரின் மனைவி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். "அண்ணனுக்குப் போற பொட்டலத்தை மட்டும் இவர் இஸ்திரி போட்டுத்தான் குடுப்பார். அவ்வளவு மரியாதை."

சூடு பட்டால் மகரந்தம் செத்துவிடும். டிரைவரின் மனைவிக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னதும் புருஷன் கண் கலங்கியதைப் பார்த்தாள், அவளுக்கு அது போதும்.

"நீ வராதே, நான் பேசிக்கறேன்" என்றார் டிரைவர்.

"வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது உங்களுக்கு. நீங்களாவது பேசறதாவது" என்று கூடவே கிளம்பினாள்.

இருவரையும் பார்த்ததுமே தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"கூடப் பொறந்தவன்னு நினைச்சேனேடா உன்னை" என்றார் டிரைவர். "ஒவ்வொரு பூவும் காய்க்காம உதிரும்போதும் என் கைதான் ராசியில்லைன்னு நொந்து போனேன். இப்படியா கழுத்தறுப்பே?"

தையல்காரர் தலை நிமிரவில்லை. "தப்புதான். உன் வீட்டுல முதல்ல பூத்துடுமோன்னு வயித்தெரிச்சல். புத்தி கெட்டுப் போச்சு." எழுந்துபோய், அன்று பூத்திருந்த கருஞ்சிவப்புப் பூவை அப்படியே பறித்துவந்து டிரைவர் கையில் வைத்தார். "உன் நல்ல மனசுக்கு நான் பண்ணினது துரோகம்."

டிரைவர் பூவை வாங்கிக்கொண்டு அவசரமாகத் திரும்பினார். "சரி விடு, போனது போகட்டும். வாம்மா, போலாம்."

மனைவி நகரவில்லை. "எப்படிங்க விடறது? நீங்க எவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்பினீங்க?" என்றவள் தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"உங்க செடிக்குப் பூஞ்சை வந்துடக்கூடாதேன்னு, மைக்ரோவேவ்ல சூடு பண்ணாம ஒரு பொட்டலம் குடுத்திருப்பாரா அண்ணே இவரு?"