அரக்கு இறக்கை

"யாரும் கால எடுக்காதீங்க," என்றார் அர்ஜுனன்.

ஜஹனாரா தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். பின்னால் வந்த தனசேகரன் அவள்மேல் மோதாமலிருக்கக் குடையை மணலில் ஊன்றிக்கொண்டான்.

திருமுக்கூடலில் பாலாறு முழுக்க மணலாய்க் கிடந்தது. காஞ்சிபுரத்தைத் தாண்டி வரும் வேகவதியும் இங்கேதான் சேர்கிறது. மழைக்காலத்தில் அது கொண்டுவந்த ஊர்க் குப்பை மட்டும் நாணல் வேர்களில் சிக்கிக் காய்ந்திருந்தது. சித்திரை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது.

அவர்களுக்குச் சற்று முன்னால், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பறவை, ஒரு பக்கத்து இறக்கையை மணலில் இழுத்தபடி தத்திப் போய்க்கொண்டிருந்தது.

"அடிபட்டுடுச்சி சார்," என்றாள் ஜஹனாரா.

"இல்லம்மா. நடிக்குது."

அர்ஜுனன் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்க யார் வந்தாலும் அழைத்துப் போவார். எப்போதும் வருபவர்கள் இவர்கள் இருவர்தான்: பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் ஜஹனாரா, சாயப்பட்டறை வைத்திருக்கும் தனசேகரன். மூவருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர், மூர் மார்க்கெட்டில் வாங்கியது.

அவர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். விளக்கும்போது அவர் முகமே மாறிவிடும்.

இந்தப் பறவை கூடு கட்டாது. வெறும் மணலில் முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், மேலே புள்ளிகள். காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யாராவது கிட்டே வந்தால் இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும். சுலபமான இரை என்று நரி பின்தொடரும். போதுமான தூரம் போனதும் பறவை சட்டென்று பறந்துவிடும்.

"நடிக்குதுன்னா முட்டை கிட்டதான் இருக்குதுன்னு அர்த்தம். நம்ம காலுக்குக் கீழகூட இருக்கலாம்."

ஜஹனாரா தூக்கிய காலை, பழைய தடத்திலேயே மெல்ல வைத்தாள்.

அர்ஜுனன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். வித்தியாசம் தெரிய வெகுநேரம் எடுக்கவில்லை.

பாலாற்றில் சாதாரணமாகத் தென்படும் வகைக்கு இறக்கையின் அடிப்பக்கம் கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். இதற்கு அரக்குச் சிவப்பு. அந்த வகையை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். அது இந்தப் பக்கம் முட்டையிட்டதாகக் கேள்விப்பட்டதே இல்லை.

அவர் கையை நீட்டி பைனாகுலரைக் கொடுக்க, ஜஹனாராவும் நின்ற இடத்திலிருந்தே எட்டி வாங்கிக்கொண்டாள். பறவை ஒருமுறை புரண்டபோது தெரிந்தது.

"ஆமா சார். முகூர்த்தப் புடவை கலர்."

"இப்ப நாம அசையாம இருந்தா போதும். அது பறந்து ஒரு சுத்து சுத்திட்டு நேரா வந்து உக்காரும் பாருங்க, அந்த இடத்துலதான் முட்டை. சீக்கிரம் வந்துடும். வெயில்ல முட்டை வெந்துடும் இல்லையா? இந்த மாசத்துல அது அடைகாக்குறது சூட்டுக்கு இல்ல, நிழலுக்கு."

"அது வர்ற வரைக்கும் நமக்கு யார் சார் நிழலு?" என்றான் தனசேகரன். "கொக்குகூட நம்மளப் பாத்தா சிரிக்கும்."

குடையை விரிக்க அர்ஜுனன் விடவில்லை.

பறவை பறக்கவில்லை. கொஞ்சம் போய், நின்று, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. மறுபடி இழுத்துக்கொண்டு போனது.

"எவ்வளவு நல்லா செய்யுது பாருங்க," என்றார் அர்ஜுனன்.

அக்கரைத் தர்பூசணிக் கொல்லையிலிருந்து ஒரு செவலை நாய் இறங்கி வந்தது.

ஜஹனாரா கைதட்டினாள். நாய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறவையைப் பார்த்தது. தனசேகரன் செருப்பைக் கழற்றி வீசினான். பாதி தூரத்தில் விழுந்தது.

"நான் ஓடிப் போய் வெரட்டறேன் சார்."

"வேணாம்பா. முட்டைய மிதிச்சிடுவ. நாய்க்குத்தான் அது இந்த ஆட்டமே ஆடுறது. இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும், பறந்துடும்."

நாய் கிட்டே வந்தது.

"இப்ப பாருங்க."

பறவை ஒரு பக்கமாகத் துள்ளி விழுந்தது. நாய் தலையைத் தாழ்த்தியது.

"இப்ப."

மூவரும் மணலில் நட்ட கழிகளைப்போல நின்றார்கள். ஜஹனாரா தன் காலைச் சுற்றியிருந்த மணலைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மறுபடி மணலைப் பார்த்தாள். எந்தக் கூழாங்கல் முட்டையென்று தெரியவில்லை.

நாய் கவ்வியது.

அதற்குப் பிறகுதான் தனசேகரன் ஓடினான். அவன் கத்திய கத்தலில் நாய் பறவையைப் போட்டுவிட்டு நாணலுக்குள் போய்விட்டது. அவன் அதைக் கையில் எடுத்து, முதுகைக் காட்டியபடி அங்கேயே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அர்ஜுனன் அவன் ஓடிய தடத்தில் கால் வைத்து மெல்லப் போனார்.

தனசேகரன் இறக்கையை விரித்துப் பிடித்திருந்தான். அடிப்பக்கம் கருப்பும் வெள்ளையும். தோள் மூட்டில் பட்டு நூல் பல சுற்றாகச் சுற்றி, இறகோடு இறகாகச் சிக்குப் பிடித்து, சதைக்குள் இறங்கியிருந்தது. அரக்கு நூல். சுற்றியிருந்த இடத்தில் புண் பழுத்திருந்தது.

அவன் நூலைப் பல்லால் கடித்துப் பார்த்தான். அறுபடவில்லை.

"நம்ம பட்டறை சாயம் சார்," என்றான்.

அர்ஜுனன் திரும்பி நடந்து, ஜஹனாரா நின்ற இடத்துக்கு வந்தார்.

அவளுக்கு இங்கிருந்து தனசேகரனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"சார், நான் கால எடுக்கலாமா?"

அர்ஜுனன் அவள் காலருகே மண்டியிட்டார். சுடுமணலை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ ஆரம்பித்தார்.

"இரும்மா," என்றார். "முட்டை இருக்கும்."