காதுக்குள் இங்கிலீஷ்

"பூவ இன்னும் கொஞ்சம் முன்னால இழுத்து விடுடி. காதுல மாட்டிருக்கது தெரியுது," என்றாள் அம்மா முத்துப்பேச்சி.

முனீஸ்வரி தங்கையின் வலது காதில் செருகியிருந்த குட்டி இயர்போன் மேல் மல்லிகைச் சரத்தைத் தள்ளிவிட்டாள். நாலு முழப் பூவும் ஒரு திருட்டை மறைக்கத்தான்.

"அக்கா, மெதுவாச் சொல்லு. பள்ளிக்கூடத்துல நடத்துற மாதிரி கடகடன்னு போயிராத," என்றாள் நாகஜோதி.

"நீ ஒழுங்காப் படிச்சிருந்தா நான் ஏன்டி நடத்தப் போறேன்?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் முத்துப்பேச்சி. "ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதும் போச்சுன்னா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது."

மாப்பிள்ளை காளிராஜுக்குச் சிங்கப்பூரில் வேலை. இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிற பெண்தான் வேண்டும் என்று அவன் வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு வீடியோ காலில் பேசிப் பார்ப்பான். பேச்சு பிடித்தால் வருகிற முகூர்த்தத்தில் நிச்சயம்.

முனீஸ்வரி பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவள். வயது முப்பத்தாறு. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம், 'பொண்ணு ரொம்பப் படிச்சிருச்சு' என்று சொல்லி, பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். அந்தப் படிப்பைத்தான் இந்த வீடு இன்று தங்கையின் காதில் மாட்டிவிடுகிறது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

கூடத்தில் மாப்பிள்ளையின் தாய் ஒச்சம்மாள் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். திருச்சுழியிலிருந்து கார் பிடித்து வந்திருந்தாள்.

"எம்மகன் பேச ஆரம்பிச்சான்னா வெள்ளக்காரனே வாயப் பொத்திக்கிருவான்," என்றாள். "ரெண்டு பேரும் இங்கிலீசுலயே பேசட்டும். நமக்குப் புரிஞ்சா நாமளும் ஊடால பூந்து பேசுவோம்ல."

அடுத்த அறையின் கதவிடுக்கில், போனை உதட்டோடு ஒட்ட வைத்துக்கொண்டு முனீஸ்வரி நின்றாள். கூடத்தில் நாகஜோதிக்கு எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு போனில் காளிராஜ் தெரிந்தான். விறைத்த காலர், விறைத்த முகம்.

"உட் யூ கெட் அலாங் வித் மை மதர்?" என்றான். என் அம்மாவோடு ஒத்துப்போவாயா?

கேட்கிற கேள்வியைப் பார், என்று முனீஸ்வரி உதட்டைச் சுழித்தாள். கெட் என்றால் பெறு. அதன் வாலில் அலாங், வித் என்று இரண்டு பொடிச் சொற்களைக் கட்டிவிட்டால் மாமியாருக்குத் தலையாட்டு என்றாகிவிடுகிறது. அவளுடைய மாணவர்கள் இந்தப் பொடிச் சொற்களில்தான் தடுக்கி விழுவார்கள். இவன் விழவில்லை. அந்தத் திமிர்தான் காலரில் தெரிகிறது போல.

"ஐ கெட் அலாங் வித் எவ்ரிஒன். சொல்லுடி," என்று கிசுகிசுத்தாள். எல்லாரோடும் ஒத்துப்போவேன்.

நாகஜோதி சொன்னாள். அந்தப் பக்கம் பதில் இல்லை. காளிராஜ் எங்கோ பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தான்.

"நெட்டு இழுக்குது," என்றாள் ஒச்சம்மாள். "கடலத் தாண்டி வரணும்ல."

"வாட் கான்ட் யூ புட் அப் வித்?" என்றான் காளிராஜ். எதைப் பொறுத்துக்கொள்ள மாட்டாய்?

முனீஸ்வரிக்கு நாக்கு துறுதுறுத்தது. "பீப்பிள் ஹூ ஷோ ஆஃப்," என்றாள். பகட்டு காட்டுகிறவர்களை.

அது தன் மாப்பிள்ளையின் மேல் விழுந்த குத்து என்று தெரியாமல், நாகஜோதி வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். மறுபடியும் நெட்டு இழுத்தது.

"மீ டூ. ஐ ரன் அவே ஃப்ரம் தெம்," என்றான் காளிராஜ். நானும் அவர்களைக் கண்டால் ஓடிவிடுவேன்.

ஒரு சிரிப்புக்கூட இல்லாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரமும் அவள் இளக்காரமாக நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்குக் கேலி பண்ண வருகிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்தது எரிச்சலாக இருந்தது.

"ஹாவ் யூ கிவன் அப் ஆன் எனிதிங்?" என்றான் அடுத்து. இனி நடக்காது என்று எதையாவது விட்டதுண்டா?

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். கல்யாணப் பெண் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்களில் ஒருவர்கூட முனீஸ்வரியிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை.

"யெஸ். ஐ கேவ் அப் ஆன் பீயிங் ஆஸ்க்ட்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. என்னையும் ஒருவர் கேட்பார் என்கிற நம்பிக்கையை.

நாகஜோதி தயங்கினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக அதையும் சொல்லி முடித்தாள்.

வெட்கங்கெட்டவளே, தங்கச்சி மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்புகிற பேச்சா இது? முனீஸ்வரி தன்னையே காறித் துப்பிக்கொள்ளாத குறையாகக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள். முத்துப்பேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும், பஜ்ஜித் தட்டை அவசரமாக ஒச்சம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தாள். காளிராஜ் அசையவே இல்லை.

"நின்னே போச்சா?" என்று ஒச்சம்மாள் போனைத் தட்டினாள்.

நிற்கவில்லை. காளிராஜ் பக்கவாட்டில் திரும்பி, அசல் திருச்சுழித் தமிழில் முனகினான். "வீரபாண்டிண்ணே, என்ன சும்மாவே இருக்க? அடுத்து என்ன சொல்லணும்னு சட்டுனு சொல்லுண்ணே, அம்மா பாக்குது."

படத்தில் தெரியாத ஒருவரின் குரல் நிதானமாக வந்தது.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்லே. அந்தப் பொண்ணுக்கு உள்ள இருந்து சொல்லிக் குடுக்கிறாகள்ல, அவுக பேரு என்னன்னு மட்டும் கேளு."