வெள்ளிக்கிழமையும் நிற்கிற கார்

"முராகோஷி சான் கார் இன்னிக்கும் ஆபீஸ் வாசல்ல நிக்குது."

உடன் வேலை செய்யும் ஷிபாதாவின் செய்தியைப் பார்த்ததும் நொகாமி கைவேலையை நிறுத்தினாள். கையெல்லாம் மாவு. எதிரே மகள் கோஹாரு, கியோசா என்கிற கொழுக்கட்டைக்குள் பூரணம் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பெண் அவள். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்று ஆன பிறகுதான், அந்த ஒரு நாளாவது வெளியே வந்து, சமையலறையில் நின்று, நாலு வார்த்தை பேசுகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் இப்போது ஆபத்து.

ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் பம்ப் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில், வாரத்துக்கு நாலு நாள் வேலை என்பது இன்னும் சோதனை முறையில்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர் யாராவது குறை சொன்னால் பழையபடி ஐந்து நாள்தான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் இந்தத் திட்டமே வேண்டாம் என்று எதிர்த்தவர் ஒரே ஒருவர், இவர்களுடைய பிரிவுத் தலைவர் முராகோஷி.

எதிர்த்ததோடு விட்டாரா? எல்லாரும் வீட்டில் இருக்கிற நாளில் இவர் மட்டும் ஆபீஸில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

தலைவர் வேலை செய்யும்போது கீழே இருப்பவர்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவர் கார் நின்றாலே போதும், ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அந்த ஊரில் அது அப்படித்தான்.

ஷிபாதாவிடமிருந்து அடுத்த செய்தி வந்தது.

"அடுத்த வாரத்துலேர்ந்து நானும் போகப்போறேன், நொகாமி சான். வராதவன்னு நான் மட்டும் பேர் வாங்க முடியாது. மனுஷன் நமக்கு வேட்டு வைக்காம விடமாட்டார்."

இவன் போனால் அடுத்தவன் போவான். அப்புறம் இவளும் போகவேண்டியதுதான். அதற்கு முன்னால் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று நொகாமி கையைத் துடைத்தாள்.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"இனிமே வெள்ளிக்கிழமையும் போவியாம்மா?"

"இல்லடா."

"இல்லன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பற."

கோஹாரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழியெல்லாம் நொகாமிக்கு அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது. மேலதிகாரியிடம் 'தயவுசெய்து வராதீர்கள்' என்று எப்படிச் சொல்வது? அவர் கோபித்துக்கொண்டால் வேலை என்னாகும்? சொல்லாமல் திரும்பினால் கோஹாரு என்னாவாள்?

ஆபீஸில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. உள்ளே தொலைபேசி மணி அடிக்க, அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"நொகாமிங்களா? இப்பதான் எழுந்து வெளிய போனாங்க. சரக்கு திங்கக்கிழமை கிளம்பிடும், அதுக்கு நான் பொறுப்பு."

முராகோஷியின் குரல். அவர் அதை வைப்பதற்குள் வேறொரு மேஜையில் மணி அடித்தது. மேஜை விளிம்பில் முட்டியை இடித்துக்கொண்டு ஓடினார்.

"ஷிபாதாவா? குடோன் பக்கம் போயிருக்கார். என்கிட்டயே சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

பாதி கடித்த சோற்று உருண்டை அவர் மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது.

இத்தனை வாரமாக ஒரு வாடிக்கையாளர்கூட ஏன் குறை சொல்லவில்லை என்று நொகாமிக்கு இப்போது புரிந்தது. கடைசியில் எல்லாம் யார் தலையில் வந்து விடியும் என்று தெரிந்துதான் மனிதர் அன்று எதிர்த்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேசியதையெல்லாம் நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

உள்ளே போய் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க. உங்களைத் தப்பா நினைச்சுட்டோம்."

முராகோஷி திடுக்கிட்டுப் போனார். திருட்டுத்தனம் பிடிபட்டவர் மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எல்லாரும் வந்து நிப்பாங்க, அப்புறம் லீவே இருக்காது."

அப்போது நொகாமியின் மேஜையிலேயே தொலைபேசி அடித்தது. பழக்கதோஷம், அவள் கை நீண்டுவிட்டது. அவர் முந்திக்கொண்டு அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நீங்க வெளிய போயிருக்கீங்கன்னு இப்பதான் சொன்னேன். என்னைப் பொய்யனாக்காதீங்க, கிளம்புங்க."