எருக்கு அனுப்பிய எறும்புகள்

ஒரு பொட்டல் காட்டில் எருக்கும் ஆவாரையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. பூச்சிகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் தினமும் ஆவாரையின் முன்னால் உட்கார்ந்து, அதன் பூவுக்கு வரும் கருவண்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதே வண்டுகள் எருக்கம்பூவுக்கும் வந்தன. ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எருக்குக்குப் பொறுக்கவில்லை.

அது கட்டெறும்புகளைக் கூப்பிட்டது. "ஆவாரையோட இலைக்காம்புல இனிப்பு ஊறுது. என் கிளை வழியா ஏறிப் போங்க. வண்டு வந்தா மட்டும் கடிச்சு விரட்டிடுங்க."

எறும்புகள் இரண்டு செடியிலும் குடியேறின. எந்தப் பூவிலும் வண்டை உட்கார விடவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாததால் அந்தப் பெண்ணும் வேறு காட்டுக்குப் போய்விட்டாள்.

பூக்களெல்லாம் உதிர்ந்த பிறகு ஆவாரை அழுதது. "அக்கா, எனக்கு ஒரு காய்கூடப் பிடிக்கல. அடுத்த மழைக்கு முளைக்க என் விதை ஒண்ணும் இருக்காது. உங்களுக்கும் அப்படித்தானா?"

எருக்கு தன் வெறும் கிளைகளைப் பார்க்கவில்லை. ஆவாரையைத்தான் பார்த்தது.

"நிஜமாவே ஒண்ணுகூட இல்லையா? அடிக்கிளையில பார்த்தியா?"

"பார்த்துட்டேன், அக்கா. இல்ல."

எருக்குக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.